தட்டுது, ஆனால் எது தட்டுது?

மொறிஸ் மைனர் காரின் திறப்பைத் திருப்பினால், எஞ்சின் ஓட முன்னரே பொனற்றுக்குள் ஒரு சத்தம் கேட்கும். டிக், டிக், டிக் என்று சில தடவை. பிறகு அடங்கிவிடும். அது எஸ்.யூ. மின்சாரப் பெற்றோல் பம்ப். காந்தச் சுருள் ஒரு மென்தகட்டை இழுத்து இழுத்து விடுகிறது, காபரேற்றரின் கிண்ணம் நிறைந்ததும் மிதவை எழுந்து வழியை அடைக்கிறது, பம்ப் ஓய்கிறது. டிக் டிக் ஓயாமலே கேட்டால் ராங்கில் எண்ணெய் இல்லை, அல்லது எங்கோ ஒழுகுகிறது. பழைய காரின் நோயை அறியும் வேலை இந்த முதற் சத்தத்திலேயே தொடங்கிவிடுகிறது. இது வரவேண்டிய சத்தம். வந்து, நிற்கவும் வேண்டும்.

சின்ன மாமாவின் கார் 948 சீசீ எஞ்சின் போட்ட மொறிஸ் மைனர். 1956க்கும் 1962க்கும் இடையில் வந்த வகை. போர் முடிந்து சில ஆண்டுகளுக்குப் பிறகு யாழ்ப்பாணத்தில் வாங்கி வன்னியில் உள்ள உருத்திரபுரத்துக்குக் கொண்டுவந்தார். உருத்திரபுரத்திலேயே இருந்த பழைய கார் ஒன்றை வாங்க வழியில்லை. 2008இன் இறுதியில் போரால் ஊரே எழும்பிக் கிழக்கே போனபோது கூடப் போன வாகனங்களில் திரும்பி வந்தவை மிகச் சில.

வாய்க்கால் பாலத்தில் ஏறும்போது கார் தட்டுகிறது என்பதுதான் மாமாவின் முறைப்பாடு. ரவுணில் ஒரு கராச்சில் ஒரு நிமிடம் கேட்டுவிட்டு, பேரிங் போய்விட்டது, எஞ்சினை இறக்க வேண்டும் என்றார்கள். மாமா காரை ஊருக்குள் ஒரு வேப்பமரத்தடிக்குக் கொண்டுபோனார். அங்கே இருப்பவர் எழுபது வயதைத் தாண்டியவர். பெயர்ப்பலகை கிடையாது.

"அண்ணை, எஞ்சின் இறக்கோணுமாம்."

"ஆர் சொன்னது? முதல்ல கேப்பம்."

கேட்பதற்கு அவரிடம் இருந்த கருவி ஒரு முழ நீள ஸ்குரூ டிரைவர். நுனியை எஞ்சின் உடலில் ஊன்றி, பிடியைக் காதுக்கு முன்னால் உள்ள எலும்பில் அழுத்திக்கொண்டார். இதில் மந்திரம் ஒன்றுமில்லை. இரும்பில் ஓடும் ஒலி காற்றுக்குத் தாவும் இடத்தில் பெரும்பகுதி திரும்பி உள்ளேயே போய்விடும். வெளியே வருவது பத்தாயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை. ஸ்குரூ டிரைவர் அந்தத் தாவலையே இல்லாமல் செய்கிறது. இரும்பிலிருந்து இரும்பு, இரும்பிலிருந்து எலும்பு. 1816இல் பிரெஞ்சு மருத்துவர் லெனெக் கடதாசியைச் சுருட்டி நோயாளியின் நெஞ்சில் வைத்துக் கேட்டாரே, அந்தக் குடும்பத்துப் பிள்ளைதான் இதுவும். நுனியை ஒரு அங்குலம் நகர்த்தினால் சத்தத்தின் முகமே மாறும். அதனால் இடம் பிடிபடுகிறது.

இடத்தைவிட முக்கியம் தாளம். நாலு ஸ்ட்ரோக் எஞ்சினில் கிராங் தண்டு இரண்டு தடவை சுற்ற, வால்வுகளைத் திறக்கும் கேம் தண்டு ஒரு தடவைதான் சுற்றும். நிமிடத்துக்கு 800 சுற்றில் எஞ்சின் சும்மா ஓடும்போது கிராங்கோடு சேர்ந்த தட்டல் செக்கனுக்குப் பதின்மூன்று தடவை வரும். ஒரு வால்வின் ரப்பெற் தட்டல் ஆறோ ஏழோ. காதால் எண்ண முடியாது. ஆனால் தவிலையும் தாளத்தையும் ஒன்றாகக் கேட்டுப் பழகிய காதுக்கு, ஒன்று மற்றதன் பாதி வேகம் என்பது எண்ணாமலே விளங்கும்.

மிச்சம் சூட்டில் தெரியும். காலையில் தட்டி, எஞ்சின் சூடானதும் அடங்கினால் பிஸ்ரன் சிலிண்டருக்குள் ஆடுகிறது. அலுமினியம் சூட்டில் வார்ப்பிரும்பைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும். இடைவெளி தானாக நிறைந்துவிடும். முன்பக்கம் சங்கிலி உரசுவதுபோல் கேட்டால் அது உண்மையாகவே சங்கிலிதான், ரைமிங் செயின். ஃபான் பெல்ற்றைக் கழற்றியதும் நின்றுபோகும் சத்தத்துக்கு எஞ்சினைக் குறை சொல்லக்கூடாது. தண்ணீர்ப் பம்பையோ டைனமோவையோ பார்க்க வேண்டும். கொன்றோட்டின் அடிப் பேரிங் போயிருந்தால் சத்தம் பாரமாக, உலக்கை போட்டதுபோல் வரும். காலை அக்சிலேற்றரில் இருந்து எடுக்கும் நேரத்தில்தான் அது கூடுதலாகக் கேட்கும். அந்தச் சிலிண்டரின் பிளக் வயரைக் கழற்றினால் தணியும்.

அவர் நாலு வயரையும் ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்த்தார். எதுவும் மாறவில்லை. எஞ்சினை உறுமவிட்டுச் சட்டென்று விட்டார். உலக்கை விழவில்லை. பிறகு மாமாவோடும் என்னோடும் ஏறிப் பாலம்வரை போய் வந்து என்னைக் கேட்டார்: "தம்பி, உமக்குக் கேட்டதோ? சில்லறைக் காசைப் போத்தலுக்க போட்டுக் குலுக்கின மாதிரி?" எனக்குக் கேட்டது. அவருக்குச் சரியாகக் கேட்கவில்லை, அதை மறைக்கவுமில்லை. ஐம்பது வருடம் எஞ்சினோடு வாழ்ந்த காதில் முதலில் போவது உச்சச் சுருதி. இந்தச் சத்தத்தின் சுருதியோ மிக உயரம். சிலிண்டர் வாயின் அகலம் 62.9 மில்லிமீற்றர். எரியும் வாயுவுக்குள் ஒலி செக்கனுக்குச் சுமார் 950 மீற்றர் ஓடும் என்று எடுத்தால், அந்த அறைக்குள் அமுக்க அலை செக்கனுக்குக் கிட்டத்தட்ட ஒன்பதாயிரம் தடவை மோதித் திரும்பும். தட்டியது இரும்பு அல்ல. எரிபொருள்.

அரிவு வெட்டிய வயலில் வைக்கோலுக்கு நெருப்பு வைத்தால் ஒரு வரம்பிலிருந்து மற்ற வரம்புக்கு நெருப்பு ஒழுங்காக நடந்து போகும். சிலிண்டருக்குள்ளும் அப்படித்தான் நடக்க வேண்டும்: பிளக்கில் பொறி, அங்கிருந்து பரவும் சுடர். ஆனால் சுடர் பரவப் பரவ, இன்னும் எரியாத மூலைக் கலவை நசுங்கிச் சூடேறும். சுடர் போய்ச் சேர முன்னர் அந்த மூலை தானாகவே ஒரேயடியாகப் பற்றிக்கொண்டால் அமுக்கம் சுவரில் அறைகிறது. மேட்டில் ஏறும்போதே அது வருவதற்குக் காரணம், அப்போதுதான் சிலிண்டர் நிறையக் கலவை போகிறது.

கேட்காத சுருதியை அவர் எப்படி இனங்கண்டார்? சொல்லும்போது சிரித்தார். "மண்ணெண்ணெயில கார் ஓட்டின ஆக்களுக்கு உது தாலாட்டு."

1990 நடுப்பகுதியில் போர் மறுபடி மூண்டபின் வடக்குக்கு விதிக்கப்பட்ட பொருளாதாரத் தடையில் பெற்றோலும் அடங்கியது. கடத்திவந்த பெற்றோலைச் சிறு போத்தலில் வைத்திருந்து, சில துளி கொடுத்து எஞ்சினை எழுப்பி, சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றி ஓடினோம். வெள்ளைப் புகையும் அந்த மணமும் ஒரு தலைமுறைக்கு மறக்காது. இதை நம் ஆட்களின் வினோதக் கண்டுபிடிப்பு என்று பெருமையடிப்பவர்கள் உண்டு. பெருமை நியாயம்தான், ஆனால் புத்தி பழையது. பெர்குசன் உழவு இயந்திரத்தில் பெற்றோலில் தொடங்கி மண்ணெண்ணெய்க்கு நெருங்கிய மலிவு எண்ணெயில் ஓடும் வகையொன்று இங்கிலாந்தில் இந்தக் கார்கள் வந்த காலத்திலேயே இருந்தது.

ஒஸ்ரின், மொறிஸ் கார்கள் இதைத் தாங்கியதற்குக் காரணம் அவற்றின் பலவீனம்தான். பெற்றோல் ஏறக்குறைய 30 பாகையிலேயே ஆவியாகத் தொடங்கும். மண்ணெண்ணெய்க்கு 150 பாகை வேண்டும். மைனரில் காபரேற்றரிலிருந்து வரும் குழாய் புகை போகும் சூடான குழாயோடு ஒட்டியிருக்கிறது. அந்தச் சூடு உதவியது. மற்றது, அமுக்கம் குறைவு. 1952இல் மைனருக்கு வந்த 803 சீசீ எஞ்சின் கலவையை ஏழு பங்கில் ஒன்றாகத்தான் நசுக்கியது. இன்றைய கார்கள் பத்துக்கும் மேல். அவற்றுக்கு மண்ணெண்ணெய் கொடுத்தால் பாலம்வரைகூடப் போகாது. நீண்ட நேர்ச் சங்கிலி மூலக்கூறுகள் சூட்டில் இலகுவில் உடைந்து தானாகப் பற்றும். கிளைவிட்ட மூலக்கூறுகள் பொறுத்திருக்கும். பெற்றோல் செற்றில் எழுதியிருக்கும் 92, 95 என்ற ஒக்டேன் எண்கள் அளப்பது இந்தப் பொறுமையைத்தான். சக்தியை அல்ல. கிளைவிட்ட ஐசோ ஒக்டேனுக்கு 100, நேரான ஹெப்டேனுக்கு 0. மண்ணெண்ணெய் அந்த ஏணியின் அடிப்படிகளில் நிற்கிறது.

இந்தத் தட்டலை உலகம் ஆராயத் தொடங்கியதும் மண்ணெண்ணெயால்தான். அமெரிக்காவில் சார்ல்ஸ் கெற்றரிங் பண்ணை வீடுகளுக்கு மின்விளக்கு எரிக்கவென்று விற்ற எஞ்சின்கள் மண்ணெண்ணெயில் ஓடின, தட்டின. அவருடைய பொறி அமைப்பில்தான் பிழை என்றார்கள். 1916இல் அவர் தோமஸ் மிட்க்லி என்ற இளம் பொறியியலாளரிடம் வேலையைக் கொடுத்தார். எண்ணெய்க்குச் சிவப்பு நிறம் ஊட்டினால் வெப்பத்தை முன்னரே உறிஞ்சி நன்றாக ஆவியாகுமோ என்று இருவருக்கும் ஒரு எண்ணம். சாயம் கையில் இல்லை, அயடீன் இருந்தது. மிட்க்லி அதைக் கரைத்து ஊற்றினார். தட்டல் நின்றது. பிறகு வேறு சிவப்புச் சாயங்களை ஊற்றினால் ஒன்றும் நடக்கவில்லை! நிறம் வேலை செய்யவில்லை, அயடீன் வேலை செய்தது. பிழையான யோசனை சரியான போத்தலை எடுத்துக் கொடுத்தது. அங்கிருந்து ஐந்து வருடத் தேடலின் முடிவு 1921 டிசெம்பர் 9 அன்று கிடைத்த ஈயச் சேர்மம். அது தட்டலை நிறுத்தியது. ஒரு நூற்றாண்டுக்குக் குழந்தைகளின் இரத்தத்தில் ஈயத்தையும் ஏற்றியது. உலகின் கடைசி ஈயப் பெற்றோல் 2021இல் அல்ஜீரியாவில் முடிந்தது.

இலங்கையில் அது நின்ற ஆண்டு 2002. ஏ9 வீதி திறந்து வன்னிக்குப் பெற்றோல் திரும்பிய அதே ஆண்டு. பன்னிரண்டு வருடத்துக்குப் பிறகு ஒழுங்காகப் பெற்றோல் குடித்த கார்கள் குடித்தது தடைக்கு முன்னர் குடித்த பெற்றோலை அல்ல.

மரத்தடியில் வேலை அரை மணித்தியாலத்தில் முடிந்தது. லூக்காஸ் டிஸ்ரிபியூட்டரின் பக்கத்தில் ஒரு சிறு திருகு இருக்கிறது. அதைச் சில பல் திருப்பிப் பொறியைக் கொஞ்சம் பிந்த வைத்தார். மூலைக் கலவை நசுங்கிக் காத்திருக்கும் நேரம் குறையும், அவ்வளவுதான். மண்ணெண்ணெய்க் காலத்தில் கவலை இதோடு நிற்காது. ஆவியாகாத எண்ணெய் சிலிண்டர்ச் சுவரைக் கழுவிக் கீழே இறங்கி ஒயிலைத் தண்ணியாக்கும்; அளவுகோலில் ஒயில் கூடிக்கொண்டே போகும்; பேரிங்கைத் தாங்கும் படலம் மெலியும். மேலே எரிபொருள் தட்டுவதைச் சகித்துக்கொண்டு ஓடினால், கீழே உண்மையாகவே உலக்கை விழத் தொடங்கும்.

மாமா காசை எடுத்தார். பெரியவர் பொறுக்கச் சொல்லி மறுபடி ஸ்குரூ டிரைவரை ஊன்றினார்.

"இதில ஒண்டு சத்தமே போடேல்லை."

"நல்லதுதானே அண்ணை?"

"ரப்பெற் சத்தம் போடுற கார் ஓடும். நிண்டால்தான் பாக்கோணும்."

இந்த எஞ்சினில் வால்வு உட்காரும் இடம் தனி வளையம் அல்ல, வார்ப்பிரும்பிலேயே வெட்டியது. ஈயம் இருந்த காலத்தில் அதன் மெல்லிய படிவு வால்வுக்கும் இரும்புக்கும் நடுவில் மெத்தையாகக் கிடந்தது. இல்லாதபோது, கடும் சூட்டில் இரண்டும் நுண்ணளவில் ஒட்டிப் பிய்ந்து, வால்வு மெல்ல மெல்ல உள்ளே அமிழும். அமிழ்ந்தால் மேலே ரப்பெற் இடைவெளி சுருங்கும், தட்டல் அடங்கும், கடைசியில் வால்வு மூடாமலே கருகும். வேகமாக நெடுந்தூரம் ஓடும் கார்களுக்கு வரும் வியாதி இது. உருத்திரபுர வீதிகளில் அந்த வேகத்துக்கு இடமில்லை. யாழ்ப்பாணத்தில் யார் எப்படி ஓட்டினார்களோ.

மூடியைக் கழற்றினார். எட்டு வால்வு. ஒன்றைச் சரிபார்க்க, இரண்டின் இலக்கங்களையும் கூட்டினால் ஒன்பது வரும் மற்றது முழுதாகத் திறந்திருக்க வேண்டும். ஐந்தாவது திறந்து நிற்க, நாலாவதில் 12 தவ் கேஜ் தகட்டைச் செருகினார். அங்குலத்தில் ஆயிரத்தில் பன்னிரண்டு பங்கு. போகவில்லை. நட்டைத் தளர்த்தி, திருகி, தகடு இலேசாக உரசி ஓடும்வரை விட்டு, மறுபடி இறுக்கினார். மூடியைப் போட்டு எஞ்சினை எழுப்பச் சொன்னார்.

ஸ்குரூ டிரைவரை என்னிடம் தந்தார். எலும்பில் வைத்தேன்.

"தட்டுதோ?"

"தட்டுது."

"அப்ப சரி, கொண்டு போங்கோ."