கணக்கைக் கேட்டபின் கல்லூரி

நமது உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயிற் சுவர்களில் முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள் இரண்டு உள்ளன. அவனது 12-ஆம், 14-ஆம் ஆட்சியாண்டுகளில், அதாவது கி.பி. 919, 921 ஆகிய ஆண்டுகளில் பொறிக்கப்பெற்றவை அவை. குடவோலை முறையை விளக்கும் கல்வெட்டுகள் என்பதை நம் ஊர்ச் சிறுவரும் அறிவர். ஆயினும் அவற்றிலுள்ள ஒரு விதியை நாம் அடிக்கடி மறந்துவிடுகிறோம். வாரியத்தில் பணிபுரிந்து கணக்குக் காட்டாதவர், மறுபடி ஓலையில் பெயர் எழுதப்பெறும் தகுதியை இழந்தார். அவருடைய நெருங்கிய உறவினரும் இழந்தனர். பணத்தைக் கையாளுவோர் கணக்குச் சொல்லக் கடமைப்பட்டவர் என்னும் இந்நெறியே கூட்டுறவுக்கும் உயிர்நாடியாகும். நம் பிள்ளைகளின் படிப்புக்காக நாம் பணம் செலுத்தும் கல்லூரிகளிடத்தும் இந்நெறியை ஏன் கைக்கொள்ளலாகாது என்பதே இக்கட்டுரையின் கேள்வி.

சென்ற கோடையில் நெசவாளர் ஒருவர் சங்க அலுவலகத்துக்கு வந்தார். அவர் கையில் வண்ணப் படங்கள் நிறைந்த ஒரு கையேடு இருந்தது. "ஐயா, என் மகள் பன்னிரண்டாம் வகுப்பில் நன்றாகத் தேறியிருக்கிறாள். கணினியில் பாவனை உலகம் அமைக்கும் பட்டப்படிப்பாம், நான்கு ஆண்டுகள், ஆண்டுக்கு ஒன்றரை இலட்சம் ரூபாயாம். ஏரிப் பாசனத்தில் இருக்கும் முப்பது சென்ட் நிலத்தை விற்றுவிடலாமா என்று கேட்க வந்தேன்" என்றார். காரியதரிசி அவரை அமரச் செய்து, ஒரு வெள்ளைத் தாளை எடுத்தார். அன்று அந்தத் தாளில் எழுதப்பட்டவை அங்கத்தினர் பலருக்கும் பயன்படக்கூடும் என்பதால் இங்கே விரித்து எழுதுகிறோம்.

இப்படிப்பு யாது?

கணினிக்குள் ஒரு பொருளின் உருமாதிரியை அமைத்து, அது உண்மையில் எவ்வாறு இயங்குமோ அவ்வாறே இயக்கிப் பார்க்கும் வித்தையே சிமுலேஷன் எனப்படுவது. இது நமக்கு முற்றிலும் புதிதன்று. முந்தானைப் பேட்டுக்கு உரிய மயிலையும் யாளியையும் முதலில் கிராப் தாளில் கட்டம் கட்டமாக வரைகிறோம். எந்த இழை எழும்ப வேண்டும், எது தாழ வேண்டும் என்று எண்ணி, அதன்படி ஜக்கார்டு அட்டையில் துளையிடுகிறோம். பட்டும் சரிகையும் தறியில் ஏறுமுன்னரே சேலையைத் தாளில் நெய்து பார்த்துவிடுகிறோம். அத்தாளுக்குப் பதிலாகக் கணினித் திரையை வைத்துக்கொண்டால் இப்படிப்பின் கரு விளங்கும்.

இதன் பயன் பல துறைகளில் பரவியுள்ளது. நம் மாவட்டத்து ஒரகடத்தில் மோட்டார் வாகன ஆராய்ச்சி நிலையம் ஒன்று உள்ளது; அங்கே வாகனங்களை மோதவிட்டுச் சோதிக்கும் கூடமும் உண்டு. ஒரு காரை மெய்யாகவே மோதி நொறுக்குமுன், பொறியாளர் அதனைக் கணினியில் பலமுறை மோதவிட்டுப் பார்க்கின்றனர். விமானிகளும் கப்பல் மாலுமிகளும் பாவனைக் கூடங்களில் பயிற்சி பெறுகின்றனர். பயிரிடுவோர்க்கும் இதில் தொடர்புண்டு. கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகத்தார், செயற்கைக்கோள் படங்களையும் நெற்பயிரின் வளர்ச்சிக் கணக்கையும் இணைத்து விளைச்சலை மதிப்பிடுகின்றனர். அம்மதிப்பீடு பயிர்க் காப்பீட்டிலும் பயன்பட்டுள்ளது. திரைப்படம், கணினி விளையாட்டு ஆகியவை மற்றொரு கிளை. கையேடுகளில் பெரும்பாலும் காட்டப்பெறுவது இக்கிளையே.

செலவுக் கணக்கு

காரியதரிசி எழுதிய கணக்கு உதாரணத்துக்காக எடுத்துக்கொள்ளப்பட்டதே. எனினும் வழிமுறை எல்லாக் கடனுக்கும் பொருந்தும். ஆண்டுதோறும் தொடக்கத்தில் ரூ. 1,50,000 வீதம் நான்கு தவணையாக ரூ. 6,00,000 கடன் பெறுவதாகக் கொள்வோம். வட்டி நூற்றுக்கு 10. படிப்புக் காலம் நான்காண்டு, அதன்பின் ஓராண்டு, ஆக ஐந்தாண்டு வரை தவணை கட்ட வேண்டுவதில்லை. ஆனால் வட்டி உறங்குவதில்லை. முதல் தவணைக்கு ஐந்தாண்டு, அடுத்தவற்றுக்கு நான்கு, மூன்று, இரண்டு ஆண்டுகள் என வட்டி ஏறுகிறது. தனி வட்டியாகவே பார்த்தாலும் ரூ. 2,10,000 சேர்ந்து, கடன் ரூ. 8,10,000 ஆகிறது. இதனைப் பத்தாண்டில் திருப்பிச் செலுத்தினால் மாதத் தவணை ஏறத்தாழ ரூ. 10,700. மொத்தம் செலுத்துவது ரூ. 12,84,000-க்கு மேல். கையேட்டில் ஆறு இலட்சம் என்று அச்சிடப்பட்டது, வீட்டுக் கணக்கில் பன்னிரண்டே முக்கால் இலட்சத்தைத் தாண்டிவிட்டது.

விடுதி, உணவு, பேருந்து, வேகமான கணினி ஆகியவை இதில் சேரா. வேலைக்குச் செல்லும் பெண்ணுக்கு முதற்சம்பளம் மாதம் ரூ. 18,000 என்று வைத்துக்கொண்டால், தவணை போக மிஞ்சுவது ரூ. 7,300. அதைக்கொண்டு சென்னையில் வாடகை கொடுத்து உண்டு வாழ்தல் எளிதோ என்பதை ஒவ்வொருவரும் சிந்திக்க வேண்டும். கல்விக்கடனில் பெற்றோரும் கூட்டுக் கடனாளியாகக் கையொப்பமிடுகின்றனர் என்பதையும் மறத்தலாகாது.

நிலத்தை விற்கும் எண்ணம் அவருக்கு எழுந்ததே அறியாமையால்தான். ரூ. 4 இலட்சம் வரையான கல்விக்கடனுக்கு ஈடு கேட்கலாகாது என்பது ரிசர்வ் வங்கியின் அறிவுரை. ரூ. 7.5 இலட்சம் வரை மத்திய அரசின் கடன் உத்தரவாத நிதி துணை நிற்கிறது. 2024 நவம்பரில் ஒப்புதல் பெற்ற பிரதம மந்திரி வித்யாலட்சுமி திட்டத்தின்படி, ஆண்டு வருமானம் ரூ. 8 இலட்சத்துக்கு மேற்படாத குடும்பத்து மாணாக்கர்க்கு, ரூ. 10 இலட்சம் வரையான கடனில் நூற்றுக்கு 3 வட்டிச் சலுகை உண்டு. ஆனால் இது தரவரிசையில் தேர்ந்தெடுக்கப்பட்ட கல்வி நிலையங்களுக்கே உரியது. ஆகவே நாம் நாடும் கல்லூரி அப்பட்டியலில் உள்ளதா என்பதே முதற் கேள்வியாதல் வேண்டும்.

விளைவுக் கணக்கு

கையேட்டில் "மிக உயர்ந்த சம்பளம்" என்று ஒரு தொகை அச்சிடப்பட்டிருக்கும். நூறு தறியுள்ள ஊரில் ஒரே ஒருவர் பெற்ற பெருங்கூலியைச் சொல்லி, ஊரார் அனைவரும் அவ்வாறே பெறுகின்றனர் என்று எவரேனும் கூறினால் நாம் நகைப்போம். கேட்க வேண்டுவது நடு எண்ணையே. வேலை பெற்றோரின் சம்பளத்தை ஏறுவரிசையில் எழுதி, நடுவில் நிற்பவர் பெறுவது எவ்வளவு என்று பார்த்தல் வேண்டும். மத்திய அரசின் தேசியத் தரவரிசையில் பங்குபெறும் கல்லூரிகள் இந்த நடுச் சம்பளத்தையும், வேலை பெற்றோர் தொகையையும் தெரிவிக்கக் கடமைப்பட்டவை. அவ்விவரம் எவரும் காணக்கூடியவாறு வெளியிடப்படுகிறது.

தொழிலின் நிலையையும் ஆராய்தல் வேண்டும். புதுச்சேரியில் ஒரு பகுதி படமாக்கப்பெற்ற 'லைஃப் ஆஃப் பை' என்னும் திரைப்படம் 2012-இல் வெளிவந்தது. அதில் வரும் புலி பெரும்பாலும் கணினியில் உருவானது. அதனை உருவாக்கிய 'ரிதம் அண்ட் ஹியூஸ்' என்னும் அமெரிக்க நிறுவனத்துக்கு மும்பையிலும் ஐதராபாத்திலும் கிளைகள் இருந்தன. 2013 பிப்ரவரியில் அப்படம் காட்சி நுட்பத்துக்காக ஆஸ்கார் பரிசு பெற்றது. அதே மாதத்தில், பரிசளிப்புக்குச் சில நாட்களுக்கு முன்னரே, அந்நிறுவனம் திவால் மனு கொடுத்துவிட்டது. உலகமே வியந்த வேலையைச் செய்தவர்க்கும் ஊதியம் நிலைக்கவில்லை. 2025 பிப்ரவரியில் 'டெக்னிகலர்' என்னும் பெருநிறுவனம் சரிந்தபோது, இந்தியாவில் ஏறத்தாழ 3,000 பேர் வேலையிழந்தனர் எனச் செய்திகள் கூறின.

வெளிநாட்டார் கொடுக்கும் ஆர்டரை நம்பியிருக்கும் தொழிலின் இயல்பு இது. வியாபாரி கொடுக்கும் பாவையும் பட்டையும் மட்டும் நம்பி நெய்பவர், ஆர்டர் நின்றவுடன் தறியை நிறுத்த நேர்வதை நாம் அறிவோம். மேலும், படத்தில் உருவங்களைக் கத்தரித்து எடுத்தல் போன்ற தொடக்கநிலை வேலைகளைச் செயற்கை நுண்ணறிவு இன்று விரைந்து செய்யத் தொடங்கியுள்ளது. புதிதாகப் பட்டம் பெற்றவர் முதலிற் கால் வைக்கும் படியே அதுவாகும்.

இதனால் இத்துறையே வேண்டாவெனச் சொல்வது நம் கருத்தன்று. மத்திய அரசு 2025-இல் மும்பையில் இந்தியப் படைப்புத் தொழில்நுட்ப நிறுவனத்தைத் தொடங்கியுள்ளது. சென்னை ஐ.ஐ.டி.யில் பாவனை உலகத் தொழில்நுட்பத்துக்கெனத் தனி ஆராய்ச்சி மையம் இயங்குகிறது. கணிதமும் பௌதிகமும் நன்கு கற்ற பொறியாளர், வாகனத்துறையில் மந்தம் வந்தால் கப்பல் துறைக்கோ மின்துறைக்கோ மாற இயலும். ஒரே ஒரு மென்பொருளை இயக்க மட்டும் கற்றவர்க்கு அவ்வசதி குறைவு.

வேறு வழிகள்

காரியதரிசி தாளின் மறுபுறத்தில் எழுதியவை இவை.

முதலாவது: 6 முதல் 12-ஆம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் பயின்றோர்க்குப் பொறியியல் முதலிய தொழிற்படிப்புகளில் 7.5 விழுக்காடு இடங்களை 2021-ஆம் ஆண்டுச் சட்டம் ஒதுக்கியது. அவ்விடம் பெறுவோரின் கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம் ஆகியவற்றை அரசே ஏற்கும் என்றும் அவ்வாண்டே அறிவிக்கப்பட்டது. பொறியியலை அடிப்படையாகக் கற்று, சிமுலேஷனைப் பின்னர்ச் சிறப்புப் பாடமாக எடுத்துக்கொள்ளலாம்.

இரண்டாவது: திரைப்படக் கலையிலேயே நாட்டமுள்ளோர்க்குச் சென்னைத் தரமணியில் அரசின் எம்.ஜி.ஆர். திரைப்படப் பயிற்சி நிறுவனம் உள்ளது. அங்கே அனிமேஷனும் காட்சி நுட்பமும் நான்காண்டுப் பட்டப்படிப்பாகக் கற்பிக்கப்படுகின்றன.

மூன்றாவது: கணினியில் சேலை வடிவமைக்க விரும்புவோர், 1960-இல் தொடங்கப்பெற்ற சேலம் கைத்தறித் தொழில்நுட்ப நிறுவனத்தை நாடலாம். நெசவாளர் குழந்தைகள் ஜவுளிக் கல்வி நிலையங்களிற் பயில மத்தியக் கைத்தறித் திட்டத்தில் உபகாரச் சம்பளமும் இருந்துவருகிறது. காஞ்சிபுரம் நெசவாளர் சேவை மையத்தில் அதன் நடப்பு விதிகளை விசாரித்தறிதல் நலம்.

நான்காவது: ஆர்வம் மெய்யானதா என்று சோதிக்கப் பணம் வேண்டுவதில்லை. உருமாதிரி அமைக்கும் 'ப்ளெண்டர்' என்னும் மென்பொருள் இலவசமானது. ஐ.ஐ.டி.கள் நடத்தும் என்.பி.டி.இ.எல். பாடங்களையும் கட்டணமின்றிக் கேட்கலாம். சான்றிதழுக்கான தேர்வுக்கு மட்டுமே கட்டணம். ஆறு திங்கள் பொறுமையுடன் பழகிய பின்னரும் சலிப்புத் தோன்றாவிடில், அப்பிள்ளைக்கு இத்துறை ஏற்றது என்று கொள்ளலாம்.

கல்லூரியாரிடம் கேட்க வேண்டுபவை

1. பட்டத்தை வழங்குவது எந்தப் பல்கலைக்கழகம்? பட்டத்தின் பெயர் பல்கலைக்கழக மானியக் குழுவின் பட்டியலில் உள்ளதா?

2. சென்ற மூன்றாண்டுகளில் சேர்ந்தோர் எத்தனை பேர்? பட்டம் பெற்றோர் எத்தனை பேர்? வேலை பெற்றோர் எத்தனை பேர்? அவர்தம் நடுச் சம்பளம் யாது?

3. கட்டணம் ஆண்டுதோறும் உயருமா? ஆய்வுக்கூடம், தேர்வு, கணினி ஆகியவற்றுக்குத் தனிக் கட்டணம் உண்டா?

4. கற்பிப்போர் இத்தொழிலில் பணியாற்றியவர்களா?

5. இடையில் விலகினால் பணம் எவ்வளவு திரும்பும்? அசல் சான்றிதழ்களைக் கல்லூரி நிறுத்தி வைக்கலாகாது என்று மானியக் குழு 2018-இல் அறிவித்துள்ளதை நினைவிற் கொள்க.

இவற்றுக்கு எழுத்து மூலம் விடையளிக்க மறுக்கும் இடத்தில் முன்பணம் செலுத்துதல் தகாது. முற்காலத்து வாரியத்தாரையே கணக்குக் கேட்ட ஊர் நம் ஊர்.

அங்கத்தினர்க்கு ஒரு வேண்டுகோள். பயிர்க்கடன் பயிருக்கே உரியது. பாவு, பட்டு வாங்கப் பெற்ற முன்பணம் தறிக்கே உரியது. அவற்றைக் கல்லூரிக் கட்டணத்துக்குத் திருப்பினால் படிப்பும் நில்லாது, தொழிலும் நில்லாது. ஒவ்வொரு சங்கமும் கோடை தொடங்குமுன் ஒரு நாளைக் குறித்து, அங்கத்தினரின் பிள்ளைகளையும், ஊரில் முன்னரே படித்து வேலையிலிருக்கும் இளைஞரையும் ஒருங்கே அழைத்து, இத்தகைய கணக்கைக் கூடியிருந்து போட்டுப் பார்க்குமாயின் பெரும் உபகாரமாகும்.

அந்த நெசவாளர் மறுவாரம் மகளையும் அழைத்து வந்தார். அவளே பேசினாள்: "ஐயா, அந்தக் கல்லூரிக்குத் தொலைபேசியில் கேட்டேன். நடுச் சம்பளத்தை நேரில் வந்தால் சொல்வதாகக் கூறினார்கள். நான் பொறியியல் கலந்தாய்வுக்கே விண்ணப்பித்துவிட்டேன்." அரசுப் பள்ளி ஒதுக்கீட்டில் அவளுக்கு இயந்திரப் பொறியியலில் இடம் கிடைத்தது. மாலை வேளைகளில் ப்ளெண்டரும் பழகிவருகிறாள். அவள் தேர்ந்த வழி சரியானதா என்பதை நான்காண்டு கழிந்தபின்னரே சொல்ல இயலும். ஆயினும் இப்பருவத்தில் அந்த முப்பது சென்ட் நிலத்தில் நடவு நடந்தது. அது இன்னும் அக்குடும்பத்தின் பெயரிலேயே இருக்கிறது.