சரளைப் பாதையில் ஆறு நாள்

விருதுநகரை அடுத்த சூலக்கரையில் நிற்பவனுக்கு, மதுரைக்கும் கன்னியாகுமரிக்கும் இடையே ஓயாமல் வண்டிகள் ஓடுகின்ற நான்குவழிச் சாலைதான் முதலில் கண்ணில் படும். ஆனால் அந்தச் சாலையை விட்டு இறங்கி, கண்மாய்க் கரையிலும் செம்மண் ரோட்டிலும் சரளைப் பாதையிலும் சைக்கிளை மிதித்துச் செல்பவன், மேற்கே மலையையும் கிழக்கே கடலையும் தொட்டுவிட்டு, ஆறே நாட்களில் புறப்பட்ட இடத்துக்குத் திரும்பிவிடலாம் என்பதை நம்மில் பலர் எண்ணிப் பார்த்ததில்லை.

மேல்நாட்டார் இத்தகைய பிரயாணத்தைக் ‘கிராவல் சைக்கிளிங்’ என்கிறார்கள். அமெரிக்காவில் கான்சாஸ் மாகாணத்து எம்போரியா நகரில் 2006-ல் தொடங்கிய நெடுந்தூரப் பந்தயம் இதற்குப் பெரும் பிரசித்தியைத் தேடித் தந்தது. 2022-ல் சர்வதேச சைக்கிள் சம்மேளனமே இத்தாலியில் முதல் உலகப் போட்டியை நடத்தியது. தார்ச்சாலைப் பந்தய சைக்கிளின் ஒல்லியான டயர், காற்று இறுக அடைக்கப்பட்டிருப்பதால், ஒவ்வொரு கல்லிலும் துள்ளும். கிராவல் சைக்கிளின் டயரோ ஏறக்குறைய 40 மில்லிமீட்டர் அகலமும் குறைந்த காற்றும் உடையதாதலால், கல்லைத் தன்னுள் அமுக்கிக்கொண்டு உருளும். விசேஷம் என்னவென்றால், நம் பால்காரரும் தபால்காரரும் காலமெல்லாம் மிதித்த சைக்கிளின் ஒன்றரை அங்குல டயர் 38 மில்லிமீட்டர். கியரும் டிஸ்க் பிரேக்கும் எடைக் குறைவும் புதியவை. அகல டயரின் சூட்சுமம் நமக்குப் பழையது.

சூலக்கரையிலிருந்து மேற்கே சென்றால் சிவகாசி. தென்மேற்குப் பருவக்காற்றின் ஈரத்தைப் பெரும்பாலும் மலை அப்பாலேயே இறக்கிவைத்துக்கொள்வதால், இந்தப் பிரதேசத்து வானம் வறண்டது. விவசாயிக்குச் சாபமான அந்த வறட்சியே, 1920-களில் கல்கத்தாவுக்குச் சென்று தீப்பெட்டித் தொழில் கற்றுவந்த அய்ய நாடாருக்கும் சண்முக நாடாருக்கும் அநுகூலமாயிற்று. குச்சியும் மருந்தும் காய வெயில் வேண்டுமல்லவா? பட்டாசு ஆலைகளின் வேலியோரப் பாதைகளுக்குள் மட்டும் வழி தேடி நுழையக் கூடாது.

ஸ்ரீவில்லிபுத்தூரையும் ராஜபாளையத்தையும் கடந்து, மா, தென்னந் தோப்புகளின் ஓரமாகவே தென்காசி சேரலாம். 2021-ல் அறிவிக்கப்பட்ட ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலைப் புலிகள் காப்பகம் இந்த மலையில் இருப்பதால், வனத்துறையின் அனுமதியின்றிக் காட்டுப் பாதைகளில் ஏறுவது குற்றம். செங்கோட்டைக் கணவாய் வழியே நுழையும் காற்றுதான் குற்றாலத்துக்குச் சாரலைக் கொண்டுவருகிறது. ஆனி, ஆடியில் அதே காற்று, மேற்கு நோக்கி மிதிப்பவனின் மார்பில் கைவைத்துத் தள்ளும்.

பாபநாசத்தில் சமவெளிக்கு இறங்கும் தாமிரபரணி, அங்கிருந்து நமக்கு வழிகாட்டி. வாய்க்கால் கரைகளில் ஒருபுறம் நெல்லும் மறுபுறம் வாழையுமாகத் திருநெல்வேலியைத் தாண்டி, கடைசி அணைக்கட்டான ஸ்ரீவைகுண்டம் வரையில் நிழலுக்குக் குறைவில்லை. திருச்செந்தூரை அடுத்த தேரிக்காட்டிலோ, செந்நிற மணல் சக்கரத்தை விழுங்குவதால், எவ்வளவு அகலமான டயரானாலும் இறங்கித் தள்ளத்தான் வேண்டும். பிறகு ஆறுமுகநேரியிலும் தூத்துக்குடியிலும் வெண்மையாய் விரிந்து கிடக்கும் உப்பளங்களைக் காணும்போதுதான் உண்மை விளங்குகிறது: சிவகாசியில் தீக்குச்சியை உலர்த்துகிற வெயிலே இங்கே கடல்நீரை உப்பாக்குகிறது. வேகமாகச் செல்லும் காரில் இரு வேறு ஊர்களாகத் தோன்றுபவை, சைக்கிளில் ஒரே நிலத்தின் இரு ஓரங்களாகின்றன.

திரும்பும் வழி எட்டயபுரம், அருப்புக்கோட்டை, கரிசல் பூமி. ஐப்பசி, கார்த்திகை மழையில் இம்மண் சக்கரத்தில் அப்பிக்கொண்டு அசைய விடாது. ஆகவே கண்மாயில் நீரும் காற்றில் குளிர்ச்சியும் மிச்சமிருக்கும் தையும் மாசியுமே உகந்த மாதங்கள். மொத்தத் தூரம் 400 கிலோமீட்டருக்குச் சற்று மேல்; நாளொன்றுக்கு 70. கிராமத்துக் கடைகளில் பஞ்சர் ஒட்டுவார்கள். புதுவகைச் சைக்கிளுக்குரிய டியூப் அங்கே கிடைப்பது அரிது. அதையும் பம்பையும் தண்ணீரையும் உடன் கொண்டு செல்வதே விவேகம்.

விலையுயர்ந்த சைக்கிள் வாங்கும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. வீட்டுத் திண்ணையோரம் துருவேறி நிற்கும் சைக்கிளுக்கு எண்ணெய் விட்டு, முதலில் ஸ்ரீவில்லிபுத்தூர் வரை ஒரு நாள் சென்று வாருங்கள். மலையும் தெரியும், பால்கோவாவும் கிடைக்கும்.