கிணற்றை அளந்து காய்கறித் தோட்டம் போடுதல்

(கூட்டுறவு இலாகா இன்ஸ்பெக்டர் ஒருவர் எழுதியது)

மழை தவறிய வருஷத்தில் காய்கறித் தோட்டக்காரர் முதன்முதலாகச் செய்யவேண்டிய காரியம் விதை வாங்குவதன்று. கடன் மனு எழுதுவதுமன்று. கிணற்றங்கரைக்குச் சென்று நீரை அளப்பதேயாகும். இது மிகவும் எளிய காரியமாயினும் நம் அங்கத்தினர்களில் இதைச் செய்வோர் மிகச் சிலரே. இதன் அவசியத்தையும் செய்யும் முறையையும் சங்க அங்கத்தினர்களின் கவனத்துக்குக் கொண்டுவருவதே இக்கட்டுரையின் நோக்கம்.

நம் மாகாணத்தின் மழையில் ஏறத்தாழப் பாதி ஐப்பசி, கார்த்திகை, மார்கழி மாதங்களில் வடகிழக்குப் பருவக்காற்றினால் பெய்வது. தோட்டக்கால் கிணறுகளில் ஊற்றுப் பெருகுவதும் பெரும்பாலும் அப்போதுதான். 2016-ம் வருஷத்தில் அக்டோபர் முதல் டிசம்பர் முடிய வழக்கமாகப் பெய்யவேண்டிய சுமார் 440 மில்லிமீட்டர் மழைக்குப் பதிலாகச் சுமார் 168 மில்லிமீட்டரே பெய்தது. 1917-ம் ஆண்டல்ல, 2017-ம் ஆண்டு ஜனவரி மாதத்தில்தான் தமிழ்நாட்டின் 32 ஜில்லாக்களும் வறட்சியால் பாதிக்கப்பட்டவையென்று சர்க்கார் அறிவிக்க நேர்ந்தது. இத்தகைய காலம் முன்னோர் கண்ட பஞ்சங்களோடு போய்விட்டதென்று நாம் எண்ணியிருக்கக் கூடாது.

அந்தத் தை மாதத்தில் நான் செய்த ஒரு பிழையை இங்கே சொல்லவேண்டும். ஒரு கிராமத்து அங்கத்தினர் ஒரு ஏக்கர் தக்காளிக்குப் பயிர்க்கடன் கேட்டிருந்தார். சிட்டாவும் அடங்கலும் சரியாயிருந்தன. பழைய பாக்கியும் இல்லை. நிலத்தைப் பார்த்தேன், மனிதரின் நாணயத்தையும் அறிவேன். கிணற்றை மட்டும் எட்டிப் பார்க்கவில்லை. ஆட்சேபணையில்லையென்று எழுதிவிட்டேன். பங்குனியில் பயிர் பூவும் பிஞ்சுமாய் நின்ற சமயத்தில் ஊற்றுப் பாதியாய்க் குறைந்தது. அவர் எந்தச் செடியையும் கைவிட மனமில்லாமல், இருந்த நீரை ஏக்கர் முழுவதற்கும் பங்கிட்டார். அதனால் எந்தச் செடிக்கும் வேண்டிய நீர் கிட்டவில்லை. பூ உதிர்ந்தது, நின்ற காய்களும் சிறுத்து, அடிப்பாகம் கறுத்து, விலைபோகாமற் போயின. அடுத்த தோட்டக்காரருடைய கிணறும் அதே தரத்ததுதான். அவரோ நாற்பது சென்டில் மட்டும் தக்காளி நட்டு, முப்பது சென்டில் சின்ன வெங்காயம் ஊன்றி, மீதியைத் தரிசாக விட்டிருந்தார். பங்குனி முற்றுமுன் வெங்காயம் வீட்டுக்கு வந்துவிட்டது. பிறகு கிணற்று நீர் முழுவதும் அந்த நாற்பது சென்டுக்கே பாய்ந்தது. அவர் கடனையும் அடைத்தார், குடும்பத்தையும் நடத்தினார். ஒருவர் உழைப்பு மற்றவர் உழைப்புக்குக் குறைந்ததன்று. ஒருவர் நிலத்தை அளந்து நட்டார். மற்றவர் நீரை அளந்து நட்டார். வேற்றுமை அவ்வளவே.

நீரை அளக்கும் முறை இது. அடிக்கொரு முடிச்சாகப் போட்ட கயிற்றில் ஒரு கல்லைக் கட்டிக்கொள்ளவேண்டும். ஒரு நாள் இறைப்பு முடிந்தவுடன் நீரின் ஆழத்தை அளந்து குறித்துக்கொண்டு, மறுநாள் அதே நேரம் வரையில் இறைக்காமலிருந்து மீண்டும் அளக்கவேண்டும். எத்தனை அடி ஏறியிருக்கிறதோ அதுவே கிணற்றின் ஒருநாள் வருமானம். வட்டக் கிணறாயின், குறுக்களவு எத்தனை அடியோ அதை அதே எண்ணால் பெருக்கி, வந்ததை 22-ஆல் பெருக்கினால் ஓர் அடி நீரின் அளவு லிட்டரில் கிடைக்கும். சதுரக் கிணறாயின் நீளத்தை அகலத்தால் பெருக்கி, வந்ததை 28-ஆல் பெருக்கவேண்டும்.

உதாரணமாக, 20 அடி குறுக்களவுள்ள வட்டக் கிணற்றில் ஓர் அடி நீர் ஏறத்தாழ 8,800 லிட்டர். நாளொன்றுக்கு மூன்று அடி ஊறினால் 26,400 லிட்டர். மண் வாய்க்காலில் மூன்றிலொரு பங்கு வழியிலேயே வீணாகுமென்று தள்ளினால், பயிருக்குச் சேர்வது 17,600 லிட்டர். வெயிற்காலத்தில் வளர்ந்து நிற்கும் காய்கறிப் பயிருக்குச் சென்டு ஒன்றுக்கு நாளொன்றுக்குச் சுமார் 200 லிட்டர் வேண்டுமென்று கொள்ளலாம். ஆகவே இக்கிணறு 88 சென்டைத் தாங்கும். ஆனால் இது தை மாதக் கணக்கு. பங்குனியில் ஊற்று ஒன்றரை அடியாகக் குறைந்தால், தாங்குவது 44 சென்டே. பயிரைப் பிழைக்கவைப்பதும் சாகவைப்பதும் பங்குனிக் கணக்கேயன்றித் தைக் கணக்கன்று.

ஆகையால் நிலத்தை மட்டுமன்றிக் காலத்தையும் பங்கிடவேண்டும். தக்காளி, கத்தரி, மிளகாய் முதலிய நீண்ட நாட் பயிர்களைக் கோடை ஊற்றுத் தாங்கும் அளவுக்கே நடுக. தை, மாசியில் எஞ்சும் நீருக்கு, வெயில் முற்றுமுன் வீடு சேரும் பயிர்களைப் போடுக. சின்ன வெங்காயம் 65 முதல் 75 நாட்களில் முடியும். முளைக்கீரையும் சிறுகீரையும் ஒரு மாதத்துக்குள் பணமாகும். கொத்தவரை வறட்சியை ஓரளவு பொறுக்கும். நம் பெரியோர் 'அகல உழுவதிலும் ஆழ உழு' என்று சொன்னது ஏருக்கு மட்டுமன்று, இறைப்புக்கும் பொருந்தும்.

நட்ட பிறகும் அமாவாசைக்கொரு முறை, பௌர்ணமிக்கொரு முறை கிணற்றை அளந்து, சுவரில் குறியிட்டு வரவேண்டும். கணக்கிட்டதற்குக் கீழே ஊற்று இறங்குமாயின், எந்தப் பாத்தியைக் கைவிடுவதென்பதை உடனே தீர்மானித்துவிடவேண்டும். இது மனத்துக்கு வருத்தமான தீர்மானந்தான். ஆயினும் பூக்குமுன் பத்துச் சென்டைக் கைவிடுகிறவர் முப்பது சென்டைக் காப்பாற்றுவார். ஒன்றையும் விடமாட்டேனென்பவர் நாற்பதையும் இழப்பார். பூக்கும் தருணத்திலும் பிஞ்சு பிடிக்கும் தருணத்திலும் நீர் தவறலாகாது. பல நாள் காயவிட்டு ஒரே நாளில் வெள்ளமாகப் பாய்ச்சினால் தக்காளி வெடிக்கும்; காயின் அடியும் அழுகும். குறைந்த நீரேயாயினும் நாள் தவறாமல் விடுவதே நலம்.

இருக்கும் நீரை நீட்டிக்கும் வழிகளும் உண்டு. செடியின் அடியில் வைக்கோல், கரும்புத் தோகை, காய்ந்த சருகு இவற்றை மூன்று நான்கு விரற்கடை கனத்துக்கு மூடாக்காகப் பரப்பினால் மண்ணின் ஈரம் விரைவில் ஆவியாகாது, களையும் குறையும். உச்சிவெயிலில் பாய்ச்சாமல் மாலையிலோ விடியற்காலையிலோ பாய்ச்சுவது நல்லது. எல்லாச் சால்களுக்கும் விடாமல், ஒன்றுவிட்டு ஒரு சாலுக்கு முறைவைத்து விடுவதும் நீரை மிச்சப்படுத்தும். சொட்டுநீர்க் குழாய் அமைத்தால் வாய்க்கால் நஷ்டம் பெரும்பாலும் நீங்கும். சிறு, குறு விவசாயிகளுக்கு இதன் செலவு முழுவதையும் சர்க்கார் மானியமாக அளிக்கும் திட்டம் இருப்பதால், அங்கத்தினர்கள் மழைக்காலத்திலேயே மனுச் செய்துகொள்வது விவேகம்.

வறண்ட காலத்தில் வெள்ளை ஈயும் இலைப்பேனும் பெருகும். தக்காளியில் இலைச்சுருள் நோயையும் வெண்டையில் மஞ்சள் தேமல் நோயையும் பரப்புவது வெள்ளை ஈயே. நோய் கண்ட செடிக்கு மருந்து தேடாமல், ஆரம்பத்திலேயே பிடுங்கி அழித்துவிடவேண்டும். தோட்டத்தைச் சுற்றி இரண்டு மூன்று வரிசை சோளமோ மக்காச்சோளமோ விதைத்தால் ஈக்கள் வருவது ஓரளவு தடைப்படும். ஐந்து கிலோ வேப்பங்கொட்டைப் பருப்பை இடித்து, இரவு முழுவதும் நீரில் ஊறவைத்து, வடிகட்டி, நூறு லிட்டராக்கி, சிறிது சோப்புக் கரைசல் சேர்த்துத் தெளிப்பது செலவு குறைந்த முறை. கொட்டையை நம் ஊர் வேப்பமரத்தடியிலேயே பொறுக்கிச் சேகரிக்கலாம்.

இனிக் கடனைப்பற்றிச் சில வார்த்தைகள். இன்ன பயிருக்கு ஏக்கருக்கு இவ்வளவு என்று ஜில்லாதோறும் கடன் அளவு நிர்ணயிக்கப்படுகிறது. அந்த அளவு நிலத்தைப் பார்க்குமேயன்றிக் கிணற்றைப் பாராது. கிணற்றைப் பார்க்கவேண்டியவர்கள் மனுதாரரும் நிர்வாகக் குழுவினருமேயாவர். ஏக்கருக்குக் கடன் கிடைக்குமென்பதற்காக ஏக்கர் முழுவதும் நடுவது, செருப்புக்குத் தக்கபடி காலை வெட்டுவது போலாகும். தவணை தவறாமல் செலுத்துவோருக்குச் சங்கத்தின் பயிர்க்கடன் வட்டியில்லாமல் கிடைக்கிறது. தவறினாலோ அந்தச் சலுகை போய்விடும். 2017-ம் வருஷ வறட்சியில் குறுகிய காலக் கடன்கள் மத்திய காலக் கடன்களாக மாற்றப்பட்டதை அங்கத்தினர்கள் அறிவார்கள். அது பேருதவியே. ஆயினும் தவணைதான் மாறிற்றேயன்றிக் கடன் தீர்ந்துவிடவில்லை என்பதை மறக்கலாகாது.

பயிர் வாடும்போது ஏற்படும் பதைப்பில் வெளியே அதிக வட்டிக்கு வாங்கி ஆழ்துளை போடுவது இன்னும் பெரிய ஆபத்து. நீர் கிடைப்பது நிச்சயமன்று, வட்டியோ நிச்சயம். அப்படியே கிடைத்தாலும், பக்கத்துக் கிணற்றின் ஊற்று இறங்கக் கூடும். முன்னே கவலை இறைத்த நாளில் மாடு களைத்தால் இறைப்பு நின்றது. அதற்குள் கிணறும் சிறிது ஊறிக்கொண்டது. மோட்டாருக்கோ களைப்பில்லை. ஆகவே நிறுத்தவேண்டிய அளவை நாமே அறிந்து நிறுத்தவேண்டும்.

ஒவ்வொரு சங்கத்திலும் மார்கழிக் கடைசியில் ஒரு கூட்டம் கூட்டி, அங்கத்தினர் ஒவ்வொருவரும் தம் கிணற்றின் ஒருநாள் ஊற்றைச் சொல்ல, காரியதரிசி அதை ஒரு நோட்டுப் புஸ்தகத்தில் எழுதிவருவாராயின், இரண்டு மூன்று வருஷங்களில் அக்கிராமத்தின் நீர்க்கணக்கு முழுவதும் கைக்கு வந்துவிடும். இதற்குச் செலவு ஒரு கயிறும் ஒரு கல்லுமே. அன்று கயிறு பிடிக்காமல் கையெழுத்திட்ட நான், அதற்குப் பிறகு எந்தத் தோட்டத்துக்குப் போனாலும் முதலில் கிணற்றங்கரைக்கே போகிறேன். அங்கத்தினர்களும் அவ்வாறே செய்வார்களாயின், மழை தவறிய வருஷத்திலும் சங்கத்தின் பாக்கி ஜாபிதா நீளாது. தோட்டத்தில் ஒரு மூலையாவது பசுமையாக நிற்கும்.