கார்க் கடனும் சொந்த வீடும்



இன்று நாம் பேச எடுத்துக்கொண்டிருப்பது கார்க் கடன். அதிலும் வேகமாக ஓடுவதற்கென்றே வாங்கப்பட்டு, வாங்கிய பிறகும் மேலும் மேலும் பணம் போட்டு மாற்றி அமைக்கப்படும் கார்களால் வரும் கடன். காரின் பெயரையும் எஞ்சின் சக்தியையும் நம் பிள்ளைகள் நமக்குச் சொல்லித் தருவார்கள். அதன் கணக்கை நாம்தான் அவர்களோடு உட்கார்ந்து பார்க்க வேண்டும்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுவோம். கார் மீது ஆசைப்படுவது குற்றமில்லை. தோட்டத்தில் வாழ்ந்தவர்களுக்குக் காரின் அருமை நன்றாகத் தெரியும். பெரிய சாலைக்கு வரவே பல கல் தொலைவு. இரவில் ஒருவருக்கு நோவு கண்டால் யாருடைய வண்டி கிடைக்கும் என்று லயத்தின் ஒரு கோடியிலிருந்து மறு கோடிவரை ஓடிய காலம் உண்டு. தாத்தா சைக்கிளில் போனார், அப்பா மோட்டார் சைக்கிளில் போனார், மகன் காரில் வருகிறான் என்றால் அது பெருமைதான். 1985இல் புரோட்டோன் சாகாவும், 1994இல் பெரோடுவா கஞ்சிலும் வந்த பிறகு அந்தப் பெருமை நம் குடும்பங்களுக்கும் எட்டியது.

வேகத்தின் மேல் உள்ள மோகமும் புதியதன்று. 1999இல் சிப்பாங் பந்தயத் தளம் திறக்கப்பட்டது. 2002இல் நம் நாட்டு ஓட்டுநர் கரம்ஜித் சிங், புரோட்டோன் காரை ஓட்டி உலக ரேலிப் போட்டியின் ஒரு பிரிவில் வாகை சூடினார். அதைக் கண்டு எந்த இளைஞனுக்குத்தான் மனம் துள்ளாது? ஆனால் அது ஒரு பந்தய அணியின் கார். அதற்குப் பின்னால் அணியும் ஆதரவாளர்களும் இருந்தார்கள். நம் பிள்ளையின் காருக்குப் பின்னால் இருப்பது அவனுடைய மாதச் சம்பளம் ஒன்றுதான்.

தவணையில் வாங்கிய கார் யாருடையது? இந்தக் கேள்வியைக் கேட்டால் பலரும் “என்னுடையது” என்றுதான் சொல்வார்கள். 1967ஆம் ஆண்டு வாடகைக் கொள்முதல் சட்டத்தின்படி அது அப்படியன்று. கடைசித் தவணை கட்டி முடியும்வரை காரின் உரிமையாளர், கடன் கொடுத்த வங்கி அல்லது நிதி நிறுவனம். ஓட்டுகிறவர் வாடகைக்கு எடுத்தவர் மட்டுமே. வாடகை வீட்டுக்குப் பளிங்குக் கல் பதிப்பாரை நாம் பார்த்ததில்லை. ஆனால் தவணை முடியாத காருக்கு ஆயிரக்கணக்கில் செலவு செய்து ‘ஸ்போர்ட் ரிம்’ மாட்டுகிறவரை நாம் தினமும் பார்க்கிறோம்.

இனிக் கணக்குக்கு வருவோம். தோட்டத்தில் பிறந்த ஒரு பையன் பிறையிலோ செனாயிலோ ஷா ஆலாமிலோ ஒரு தொழிற்சாலையில் வேலை பார்ப்பதாக வைத்துக்கொள்வோம். பிடித்தம் போகக் கைக்கு வரும் சம்பளம் 2,500 வெள்ளி. அவன் 2,000 சிசி எஞ்சின் கொண்ட பழைய கார் ஒன்றை 60,000 வெள்ளிக்குப் பேசுகிறான். முன்பணம் பத்து சதவிகிதம், அதாவது 6,000 வெள்ளி. மீதி 54,000 வெள்ளி கடன். வட்டி ஆண்டுக்கு 4.5 சதவிகிதம், ஏழு ஆண்டுத் தவணை.

“நாலரை வட்டிதானே!” என்று தோன்றும். ஆனால் கார்க் கடனில் நெடுங்காலமாக வட்டி கணக்கிடப்பட்டுவந்த முறை வேறு. மாதாமாதம் அசல் குறைந்துகொண்டே வந்தாலும், முதல் நாள் வாங்கிய முழுத் தொகைக்கும் ஏழு ஆண்டுக்கும் வட்டி போடுவார்கள். ஓர் ஆண்டுக்கு 2,430 வெள்ளி. ஏழு ஆண்டுக்கு 17,010 வெள்ளி. குறைந்துவரும் அசலுக்கு மட்டும் கணக்கிட்டுப் பார்த்தால் இந்த நாலரை வட்டி உண்மையில் எட்டு சதவிகிதத்தைத் தாண்டும். 2025 பிப்ரவரியில் நடப்புக்கு வந்த குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளி. ஆக, வட்டி மட்டுமே ஒரு தோட்டத் தொழிலாளியின் பத்து மாதச் சம்பளத்துக்குச் சமம்.

கடனும் வட்டியும் சேர்ந்து 71,010 வெள்ளி. மாதத் தவணை ஏறக்குறைய 845 வெள்ளி. காப்புறுதிக்கு மாதம் 150 வெள்ளி ஒதுக்க வேண்டும் என்று வைப்போம். சாலை வரி 1,500 சிசி காருக்கு ஆண்டுக்கு 90 வெள்ளிதான். 2,000 சிசி காருக்கு 380 வெள்ளி. மாதத்துக்குப் பிரித்தால் 32 வெள்ளி. பெட்ரோலுக்கு 350, டோலுக்கும் நிறுத்துமிடத்துக்கும் 120, எண்ணெய் மாற்றவும் டயர் மாற்றவும் சேர்த்துவைக்க வேண்டியது 150. எல்லாம் கூட்டினால் மாதம் 1,647 வெள்ளி. கையில் மிஞ்சுவது 853 வெள்ளி. இது, கார் வாங்கிய நிலையிலேயே நின்றுவிட்டால் வரும் கணக்கு.

நிற்பதில்லையே! நண்பனின் கார் தாழ்ந்து நிற்கிறது, இவனுடையது உயர்ந்து நிற்கிறது. ரிம்மும் டயரும் 4,500 வெள்ளி. அப்சோர்பர் 2,500. எக்ஸோஸ் குழாய் 2,000. பந்தய இருக்கை 1,500. ஜப்பானிலிருந்து ‘ஹாஃப்-கட்’டாக வரும் எஞ்சின் பாகங்களும் பட்டறைக் கூலியும் 4,500. ஆக மொத்தம் 15,000 வெள்ளி. இதில் ஒவ்வொன்றையும் தனித்தனியாகப் பார்த்தால் சிறிதாகத் தெரியும். ஒரு மாதம் ஒன்று, மறு மாதம் ஒன்று என்று வாங்குவதால் மொத்தத் தொகை கண்ணில் படுவதே இல்லை.

இந்தப் பணம் எங்கிருந்து வரும்? பத்தாயிரம் வெள்ளி தனிநபர் கடனாகவும், ஐயாயிரம் வெள்ளி கடன் அட்டையிலும் வருவதாக வைப்போம். தனிநபர் கடனுக்கு அதே முறையில் ஒன்பது சதவிகித வட்டி, ஐந்து ஆண்டு என்றால் மாதம் 242 வெள்ளி. கடன் அட்டையின் வட்டி ஆண்டுக்கு 18 சதவிகிதம் வரை போகும். குறைந்தபட்சத் தொகையான ஐந்து சதவிகிதத்தை மட்டும் கட்டினால் 250 வெள்ளி. அதில் 75 வெள்ளி வட்டிக்கே போய்விடும். இரண்டும் சேர்ந்து 492 வெள்ளி. 853இல் இதைக் கழித்தால் மீதி 361 வெள்ளி. அதில்தான் அவன் அறை வாடகை கொடுக்க வேண்டும், சாப்பிட வேண்டும், வீட்டுக்கும் அனுப்ப வேண்டும்.

இந்த இடத்தில்தான் வீட்டில் ஓர் அறிகுறி தெரியும். மாதாமாதம் வந்துகொண்டிருந்த பணம் குறையும்; பிறகு நிற்கும். பிறகு பிள்ளையே கேட்கத் தொடங்குவான். கேட்கத் தயங்குகிற பிள்ளை ‘ஆலோங்’ எனப்படும் வட்டி முதலைகளிடம் போவான். அது இன்னும் ஆபத்து. 1951ஆம் ஆண்டு வட்டிக்கடைச் சட்டம், உரிமம் பெற்றவர் அடமானம் இல்லாத கடனுக்கு ஆண்டுக்கு 18 சதவிகிதத்துக்கு மேல் வட்டி வாங்கக் கூடாது என்கிறது. ஆலோங்குக்கு உரிமமும் இல்லை, உச்சவரம்பும் இல்லை.

தவணை தவறினால் என்ன நடக்கும்? அடுத்தடுத்து இரண்டு மாதத் தவணை தவறினால், காரை எடுக்கப்போவதாக நிறுவனம் எழுத்து மூலம் அறிவிப்பு அனுப்ப வேண்டும். அதிலிருந்து 21 நாள் அவகாசம் உண்டு. அந்த நாட்களுக்குள் பாக்கியைக் கட்டலாம். கட்ட வழியே இல்லையென்றால் காரை நாமே கொண்டுபோய் ஒப்படைக்கலாம். அப்படி ஒப்படைத்தால் காரை இழுத்துச் சென்ற செலவு நம் தலையில் விழாது. ரொக்க விலையில் 75 சதவிகிதத்துக்கு மேல் கட்டியிருந்தால், நீதிமன்ற உத்தரவு இல்லாமல் காரை எடுக்க முடியாது. எடுத்த பிறகும் உடனே விற்றுவிட முடியாது. மீட்டுக்கொள்ள மீண்டும் அறிவிப்பும் 21 நாள் அவகாசமும் தர வேண்டும்.

இந்த அறிவிப்பு எங்கே வரும் என்பதைத் தாய்மார்கள் குறிப்பாகக் கவனிக்க வேண்டும். பிள்ளை பட்டணத்தில் இருப்பான். அவனுடைய அடையாள அட்டையில் இருப்பது தோட்டத்து முகவரி. ஆகவே கடிதம் தோட்டத்துக்கு வரலாம். மலாயிலோ ஆங்கிலத்திலோ இருக்கிறது, பிள்ளை வந்து பார்க்கட்டும் என்று அதைச் சாமி மேடையில் செருகி வைத்துவிட்டால் 21 நாளும் அங்கேயே கழிந்துவிடும். பதிவுத் தபால் வந்த அன்றே பிள்ளைக்குத் தொலைபேசியில் சொல்லுங்கள். படிக்கத் தெரிந்தவரைப் படிக்கச் சொல்லித் தேதியைக் குறித்துக்கொள்ளுங்கள்.

“போனால் போகட்டும், காரை எடுத்துக்கொள்ளட்டும்” என்று சிலர் சொல்வதுண்டு. கார் போனால் கடனும் போய்விடும் என்பது தவறான எண்ணம். நம் கணக்கையே பார்ப்போம். இரண்டு ஆண்டு ஒழுங்காகக் கட்டிய பிறகு கார் பறிபோகிறது. இதுவரை கட்டியது 20,000 வெள்ளிக்கு மேல். ஆயினும் இன்னும் வராத வட்டியைக் கழித்துவிட்டுப் பார்த்தால் ஏறக்குறைய 42,000 வெள்ளி பாக்கி நிற்கும். ஏலத்தில் கார் 28,000 வெள்ளிக்குப் போவதாக வைத்தால், இல்லாத காருக்கு 14,000 வெள்ளி கட்ட வேண்டும். குறைந்தபட்சச் சம்பளத்தில் இது எட்டு மாத உழைப்பு. இதோடு மாற்றங்களுக்காக வாங்கிய தனிநபர் கடனில் இன்னும் மூன்று ஆண்டுத் தவணை பாக்கி. காரில் மாட்டிய ரிம்மும் இருக்கையும் காரோடு போய்விட்டிருக்கும்.

மாற்றங்களில் இன்னொரு சிக்கலும் உண்டு. எஞ்சினை மாற்றினால் சாலைப் போக்குவரத்து இலாகாவின் அனுமதி வேண்டும். காப்புறுதி நிறுவனத்துக்கும் தெரிவிக்க வேண்டும். தெரிவிக்காமல் விட்டால் விபத்து நேரத்தில் இழப்பீடு மறுக்கப்படலாம். கார் நொறுங்கிக் கிடக்கும். தவணை மட்டும் ஓடிக்கொண்டிருக்கும்.

நெருக்கடி வந்ததும் ‘சம்போங் பாயார்’ என்று, தவணையைத் தொடர்ந்து கட்டச் சொல்லிக் காரை வேறொருவர் கையில் கொடுத்துவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். இது சட்டத்துக்குப் புறம்பானது. அவர் கட்டாமல் போனாலும், அந்தக் காரில் குற்றம் செய்தாலும், முதலில் தேடி வருவது நம் வீட்டுக்குத்தான்.

அப்பாவின் ஜாமீன் கையெழுத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். பிள்ளைக்கு இல்லாமல் யாருக்கு என்று போட்டுவிடுகிறோம். சொந்த உபயோகத்துக்கான காருக்கு, லாப நோக்கமின்றி ஜாமீன் நின்றவரைத் திவாலாக்க முடியாது என்று 2017இல் சட்டம் திருத்தப்பட்டது. அது நல்ல பாதுகாப்புதான். ஆனால் கடனைக் கட்டும் பொறுப்பு அதனால் நீங்கிவிடவில்லை. வழக்குத் தொடுத்து வசூலிக்கும் வழி நிறுவனத்துக்கு இன்னும் இருக்கிறது.

இவை எல்லாவற்றையும்விடப் பெரிய இழப்பு ஒன்று உண்டு. தோட்டத்து வீடு நிர்வாகத்தின் வீடு. வேலை முடிந்தால் விட்டு வெளியேற வேண்டும். பல குடும்பங்களில், முதல் சொந்த வீட்டுக்குக் கடன் வாங்கக்கூடியவர் நிலையான சம்பளம் உள்ள பிள்ளை ஒருவர்தான். வீட்டுக் கடன் கொடுக்கும் வங்கி இரண்டைப் பார்க்கும்: சம்பளத்தில் எவ்வளவு ஏற்கெனவே கடனுக்குப் போகிறது, பழைய தவணைகள் ஒழுங்காகக் கட்டப்பட்டனவா. கார்க் கடனில் சிக்கிய பிள்ளை இரண்டிலும் தோற்றுவிடுகிறான். பெற்றோர் ஓய்வுபெறும் ஆண்டில் அந்தக் கதவு மூடியிருந்தால், ஒரு குடும்பமே எங்கே போவது என்று நிற்க வேண்டியிருக்கும்.

ஆகவே என்ன செய்யலாம்? கையெழுத்துப் போடும் முன் “மாதம் எவ்வளவு?” என்று மட்டும் கேட்காதீர்கள். “கடைசித் தவணைவரை மொத்தம் எவ்வளவு?” என்று கேட்டு, எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். அடுத்து, அந்தத் தவணையை ஏழு மாதம் வங்கியில் போட்டுப் பாருங்கள். 845 வெள்ளி வீதம் போட்டால் 5,900 வெள்ளிக்கு மேல் சேரும். முன்பணம் கிட்டத்தட்டத் தயார். போட முடியவில்லையென்றால், அந்தக் கார் நமக்கு ஆகாது என்பது கடன் வாங்காமலேயே தெரிந்துவிடும். விரலுக்குத் தகுந்த வீக்கம் வேண்டும் என்று பெரியவர்கள் சொன்னது இதைத்தான். காரில் மாற்றம் செய்ய ஆசையா? தவணை முடிந்த பிறகு, சேர்த்த பணத்தில், அனுமதியோடு செய்யலாம். அதற்கு முன் நல்ல டயரும் பிரேக்கும் போதும்.

ஏற்கெனவே கடனில் இருப்பவர்கள் மனம் உடைய வேண்டாம், ஒளிந்துகொள்ளவும் வேண்டாம். முதல் தவணை தவறும் முன்பே வங்கிக்குப் போய்த் தவணையை மாற்றி அமைக்கக் கேளுங்கள். பேங்க் நெகாரா 2006இல் தொடங்கிய ஏகேபிகே என்னும் கடன் ஆலோசனை நிறுவனம் இலவசமாக ஆலோசனை சொல்கிறது. வங்கிகளோடு பேசித் தவணையைச் சீர்செய்யவும் உதவுகிறது. போகும்போது சம்பளச் சீட்டையும் கடன் கடிதங்கள் அனைத்தையும் எடுத்துச் செல்லுங்கள்.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை. கடன்பட்ட பிள்ளையை நாலு பேர் முன் திட்டினால் அவன் உண்மைத் தொகையைச் சொல்ல மாட்டான். பாதியைச் சொல்லுவான், மீதிக்கு வெளியே கடன் வாங்குவான். தனியாக உட்காரவைத்து, ஒரு தாளை எடுத்து, யாருக்கு எவ்வளவு என்று அவன் கையாலேயே எழுதச் சொல்லுங்கள். முழுத் தொகையும் தாளில் வந்துவிட்டால், எதை முதலில் அடைப்பது, எதை விற்பது, யாரிடம் போய்க் கேட்பது என்று குடும்பம் சேர்ந்து முடிவு செய்யலாம். அந்தத் தாளை இந்த வாரமே எழுதத் தொடங்குங்கள்.