வேரின்றி விளைந்த ஊதா

ஜப்பானில் முராசாகி என்று வழங்கும் மூலிகைச் செடி, ஷிகோனின் என்னும் செவ்வூதா நிறப்பொருளைத் தன் வேரில் சேர்த்துவைக்கிறது. துணிச்சாயமாகவும் தீப்புண்ணுக்குப் பூசும் களிம்பின் மூலப்பொருளாகவும் நெடுங்காலம் பயன்பட்ட அவ்வேர், செடி சில ஆண்டுகள் வளர்ந்த பின்னரே அறுவடைக்கு வரும் என்பதாலும், அப்போதும் நூற்றுக்கு ஒன்றிரண்டு பங்கு நிறப்பொருளே தேறும் என்பதாலும், காட்டில் செடியே அருகிவிட்டதாலும், இறக்குமதியை நம்பவேண்டிய சரக்காயிற்று. கியோட்டோ பல்கலைக்கழகத்தில் மாமொரு தபாத்தா குழுவினர் நடத்திய ஆய்வுகளின் தொடர்ச்சியாக, மிட்சுய் பெட்ரோகெமிக்கல் நிறுவனம் 1983ஆம் ஆண்டில் செடியின் செல்களை மட்டும் கலன்களில் வளர்த்து ஷிகோனினை வணிக அளவில் எடுத்துக்காட்டியது. கனேபோ நிறுவனம் அதை உதட்டுச்சாயத்தில் சேர்த்து விற்றது. தாவரச் செல் வளர்ப்பு ஒப்பனைத் தொழிலுக்குள் வந்த வழி இதுதான்.

செடியின் ஒரு துண்டை நுண்ணுயிர் நீக்கித் தூய்மைப்படுத்தி, சர்க்கரையும் தாதுக்களும் ஆக்சின், சைட்டோகைனின் ஆகிய வளர்ச்சி ஊக்கிகளும் கலந்த ஊட்டக்கூழில் வைத்தால், வெட்டுவாயிலுள்ள செல்கள் இலை, வேர் என்ற தம் தனித்தொழிலைக் கைவிட்டு, கேலஸ் எனப்படும் வடிவற்ற திரளாகப் பெருகத் தொடங்குகின்றன. தமிழக உழவர்கள் நன்கறிந்த திசு வளர்ப்பு வாழையிலும் ஆய்வகக் குடுவையே தொடக்கம் என்றாலும், அங்கே முழுக்கன்று வேண்டும், இங்கே செல்திரள் மட்டும் போதும். அத்திரளைத் திரவ ஊட்டத்தில் இட்டு, காற்றோட்டமும் வெப்பமும் சீராக உள்ள கலன்களில் பெருக்குகிறார்கள்.

பெருகுவதாலேயே செல் விரும்பிய பொருளைத் தந்துவிடுவதில்லை. அம்மோனியம் இருக்கும் ஊட்டத்தில் ஷிகோனின் உருவாவது தடைபடுவதால், ஜப்பானியர் முதற்கலனில் செல்களைப் பெருக்கி, அம்மோனியம் இல்லாத வேறோர் ஊட்டம் கொண்ட இரண்டாம் கலனுக்கு மாற்றி, ஏறத்தாழ மூன்று வாரங்களில், வேரில் இருப்பதைவிடப் பல மடங்கு செறிவாக அந்த ஊதாவைப் பெற்றனர். இத்தொழில்நுட்பத்தின் நுணுக்கமெல்லாம் செல்லின் போக்கை இவ்வாறு திருப்பிவிடுவதில்தான் இருக்கிறது.

இருபத்தைந்து ஆண்டுகளுக்குப் பின், 2008இல், சுவிட்சர்லாந்தின் மிபெல் பயோகெமிஸ்ட்ரி நிறுவனம், பறித்தபின் நெடுநாள் வாடாதிருக்கும் உட்விலர் ஷ்பெட்லாவ்பர் என்ற அரிய ஆப்பிள் வகையின் செல்களை வளர்த்து, அவற்றின் சாற்றைச் சுருக்கம் தடுக்கும் பொருளாக அறிமுகப்படுத்தியது. அரிய மரத்தை வெட்டாமல், பருவத்துக்குக் காத்திராமல், பூச்சிமருந்து படாமல் ஒரே தரத்தில் பொருள் கிடைப்பது மெய்யான நன்மையே. ஆனால், அதையொட்டிப் பெருகிய விளம்பரங்கள், இப்படி வளர்க்கப்படும் தாவர ஸ்டெம் செல்கள் மனிதத் தோலின் ஸ்டெம் செல்களுக்கு, அதாவது புதிய தோல் செல்களை ஈனும் மூலச் செல்களுக்கு, உயிர்ப்பூட்டும் என்ற எண்ணத்தை வாங்குவோரிடம் விதைத்தன. செல்களை உடைத்துச் சாறெடுப்பதால் புட்டியில் உயிருள்ள செல் ஏதும் இராது. அப்படியே இருந்தாலும், செல்லுலோஸ் சுவரால் சூழப்பட்ட தாவரச் செல் மனிதத் தோலில் வேரூன்றி வேலைசெய்ய வழியில்லை. அச்சாற்றில் பயன் தருவன ஆக்சிஜனேற்றத்தைத் தடுக்கும் பீனாலிக் சேர்மங்கள் போன்ற வேதிப்பொருள்களே என்பதால், எத்தகைய மரத்திலிருந்து வந்தது என்பதைவிட எந்தச் சேர்மம் எவ்வளவு இருக்கிறது என்பதே கேட்கத்தக்க கேள்வி. மிபெல் நிறுவனம் இருபது பேரிடம் தானே நடத்திய சோதனையில், நான்கு வாரங்களில் கண்ணோரச் சுருக்கத்தின் ஆழம் சராசரியாக 15 விழுக்காடு குறைந்ததாகத் தெரிவித்தது. விற்பவரே நடத்திய இத்தனைச் சிறிய சோதனையை முடிந்த முடிபாகக் கொள்வது கடினம்.

ஒப்பனைப் பொருளில் இச்சாற்றின் அளவைக் கணிக்க உறையிலுள்ள மூலப்பொருள் பட்டியல் ஓரளவுக்கு உதவும். ஐரோப்பிய ஒன்றியத்தின் விதிப்படி பொருள்கள் எடையின் இறங்குவரிசையில் அச்சிடப்பட வேண்டும். ஒரு விழுக்காட்டுக்கும் குறைந்தவற்றை மட்டும் விரும்பிய வரிசையில் எழுதலாம். எனவே செல் வளர்ப்புச் சாறு என்ற பெயர், மிகச் சிறிய அளவிலேயே சேர்க்கப்படும் பதப்பொருளுக்கும் நறுமணத்துக்கும் அருகில் காணப்பட்டால், அதுவும் பெரும்பாலும் அந்த ஒரு விழுக்காட்டுக்குள் அடங்கியதாகவே இருக்கும்.