பால் போன வழி

1995 செப்டம்பர் 21, வியாழக்கிழமை. தில்லியில் பொழுது விடிந்ததும் ஒரே பேச்சு: பிள்ளையார் பால் குடிக்கிறார்! கோயில்களில் செம்பும் கரண்டியுமாக க்யூ நீண்டது. பாலுக்குத் தட்டுப்பாடு. லண்டன் கோயில்களிலும் அதே காட்சி.

மத்திய அரசின் அறிவியல், தொழில்நுட்பத் துறை விஞ்ஞானிகள் பக்தர்களுடன் வாதாடவில்லை. தலைநகரில் ஒரு கோயிலுக்குப் போய், சாயம் கலந்த பாலைக் கரண்டியில் ஏந்தினர். பரப்பு இழுவிசையால் பால் கரண்டியிலிருந்து சிலைக்குத் தாவி, மெல்லிய படலமாகக் கீழே வழிந்தது. வெள்ளைப் பாலில் கண்ணுக்குத் தப்பியதைச் சாயம் காட்டிக் கொடுத்தது.

பக்தி அதனால் குறைந்துவிடவில்லை. குறைய வேண்டியதும் இல்லை. கோயிலில் கண் ஏமாந்தால் நஷ்டம் ஒரு கரண்டிப் பால். 'நீரிழிவு அடியோடு தீரும்' என்ற விளம்பரத்தை நம்பி இன்சுலினை நிறுத்தினாலோ, நஷ்டம் உயிர். அத்தகைய விளம்பரங்களைத் தடுக்க 1954-லேயே சட்டம் வந்துவிட்டது. ஆயினும் 2024-ல் தில்லி உச்ச நீதிமன்றத்தில் பதஞ்சலி நிறுவனம் மன்னிப்புக் கேட்க நேர்ந்ததும் மருந்து விளம்பரங்களுக்காகவே.

சொல்பவர் சாமியாராயினும் டாக்டராயினும் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே: பால் எங்கே போயிற்று?