பைரன் பிரபு அணிந்த உடை யாருடையது?

தங்கச் சரிகை வேலைப்பாடுள்ள சிவப்பு வெல்வெட் மேலங்கி, முனை தோளில் தொங்கும் தலைப்பாகை, கையோடு அணைத்த வாள். ஆங்கிலக் கவிஞர் பைரன் பிரபுவைத் தோமஸ் பிலிப்ஸ் 1813 இல் வரைந்த ஓவியம் இது. பார்ப்பவர்கள் கிரேக்க விடுதலைப் போராளி என்றே நினைப்பார்கள். கிரேக்கர்களின் போர் தொடங்கியதோ 1821 இல்தான்.

உடை 1809 பயணத்தில் வாங்கியது. ஒன்று 50 கினி, இங்கிலாந்தில் என்றால் 200 ஆகும் என்று தாயாருக்குப் பெருமையாக எழுதியிருக்கிறார் பைரன். அப்போது அவரை வரவேற்று உபசரித்தவர், ஒட்டோமன் பேரரசின் கீழ் அப்பகுதியை ஆண்ட அலி பாஷா. அதே அலி பாஷாதான் 1803 இல் சூலி மலைக் கிராமங்களை முற்றுகையிட்டு, அந்த மக்களை ஊரைவிட்டு வெளியேற்றியவர். பாதுகாப்பாகப் போகலாம் என்ற உடன்பாட்டை நம்பிப் புறப்பட்டவர்களையும் வழியில் தாக்கினார்கள். சலோங்கோ மலையுச்சியில் பெண்கள் குழந்தைகளோடு பள்ளத்தில் குதித்ததைக் கிரேக்கர்கள் இன்றும் நினைவுகூருகிறார்கள். இதையெல்லாம் இந்த வாசகர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. சூலி ஆண்கள் உடுத்தியதும் ஏறக்குறைய ஓவியத்தில் உள்ளதைப் போன்ற உடைதான்.

நான் வசிக்கும் வெள்ளவத்தையிலும், அங்கால் கொட்டாஞ்சேனையிலும், தைப்பொங்கல் வந்தால் வேட்டி கட்டித் திருநீறு பூசிப் படத்துக்கு நிற்கும் பெரிய மனிதர்களைக் காண்கிறோம். மறுநாள் பத்திரிகையில் வேட்டி இருக்கும். அதை உடுத்தியவர்கள் இழந்த காணி பற்றி ஒரு வரி இருக்காது.

பைரனையும் அந்த வரிசையில் சேர்த்துவிடலாம் என்றுதான் முதலில் தோன்றும். 1814 இல் அந்த உடையை ஒரு தோழிக்கு மாறுவேட விருந்துக்கெனக் கொடுத்துவிட்டார். ஆனால் 1823 இல் கிரேக்கக் கடற்படைக்குத் தன் பணத்தில் 4,000 பவுண் கடன் கொடுத்தார். பிறகு மிசொலோங்கிக்குப் போய், ஊரிழந்த சூலி வீரர்களைச் சம்பளத்துக்குச் சேர்த்துப் படை திரட்டினார். காவியமாக எதுவும் நடக்கவில்லை. சம்பளத் தகராறு வந்தது, அவர்களை அனுப்பிவிட வேண்டியதாயிற்று. 1824 ஏப்ரல் 19 அன்று காய்ச்சலில் இறந்தார், வயது 36.

மூல ஓவியம் இப்போது ஏதென்சில், பிரித்தானியத் தூதரகத்தின் வசம் இருக்கிறது.

அதில் இல்லாத ஒருவரையும் சொல்ல வேண்டும். 1809 இல் கடற்புயலில் சிக்கிய பைரனின் கப்பல் சூலிக் கரையில் ஒதுங்கியது. அங்கிருந்த தலைவர் உணவும் தங்க இடமும் கொடுத்தார். பைரன் நீட்டிய பணத்தை அவர் வாங்கவில்லை.